கை நடுங்கலாம், கோடு நடுங்க வேண்டுமா? மர வேலைப்பாட்டு டிசைனைக் கணினியில் வரைவது எப்படி?

மர வேலையில் அழிரப்பர் கிடையாது. உளி ஒரு மில்லிமீட்டர் விலகினால் விலகியதுதான். அதனால்தான் அனுபவமுள்ள தச்சர்கள் மரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். பலகை மீது பென்சிலால் வரைந்து, அளந்து, திருத்தி, அதற்குப் பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுப்பார்கள். அந்தப் பென்சில் கோடே நடுங்க ஆரம்பித்தால்?

முப்பது வருஷம் தொழில் செய்தவருக்கு டிசைன் தலைக்குள் தெளிவாகவே இருக்கும். கொடி எங்கே வளையணும், இதழ் எங்கே முடியணும் என்று கண் சொல்லிவிடும். கை மட்டும் கேட்காது. பூஜையறைக் கதவுக்கு ஒரு ஜாலி டிசைன் போட உட்கார்ந்தால், காகிதத்தில் வருவது அலையலையான கோடு. இந்த நிலைக்கு வந்தவர் நுண்வேலையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, சட்டம் அறுப்பது, ஆட்களை மேய்ப்பது என்று ஒதுங்கிப்போவது புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

ஆனால், ஒதுங்கத்தான் வேண்டும் என்று இல்லை. ஒரு சாதாரண கணினி, காசு கொடுக்க வேண்டாத ஒரு மென்பொருள், சில அமைப்பு மாற்றங்கள் இருந்தால் நடுங்கும் கையாலும் துல்லியமான டிசைனை உருவாக்க முடியும். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அதற்கு முன், நடுக்கம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

எல்லா நடுக்கமும் ஒன்றுதானா?

இல்லை. கை நடுங்கினாலே 'பார்க்கின்சன்' என்று பயந்துவிடுகிறோம். ஆனால், கை நடுக்கத்துக்குக் காரணங்கள் பல.

முதலாவது, 'எசென்ஷியல் டிரெமர்'. அசைவு தொடர்பான நரம்புக் கோளாறுகளில் மிகப் பரவலானவற்றில் இதுவும் ஒன்று. கை சும்மா மடியில் கிடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது, ஊசியில் நூல் கோர்க்கும்போது ஆரம்பிக்கும். அதாவது, கையை வேலைக்கு விடும்போது வரும் நடுக்கம். பலருக்கு இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது. 'எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்பவர்கள் நிறைய.

இரண்டாவது, பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்போம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த நோய் இது. இங்கே பெரும்பாலும் தலைகீழ்: கை ஓய்வில் இருக்கும்போது நடுங்கும், வேலை செய்யும்போது குறையும். ஆனால் அசைவு மெதுவாகும், தசை விறைக்கும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

இவை தவிர தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், லித்தியம் போன்ற மருந்துகள், அளவுக்கு மீறிய காபி, பதற்றம், தூக்கமின்மை என்று காரணங்களின் பட்டியல் நீளம். இவற்றில் சில, காரணத்தைச் சரிசெய்தாலே அடங்கிவிடும். அதனால் மவுஸை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது.

இன்னொரு கணக்கும் நமக்கு உதவும். எசென்ஷியல் டிரெமரில் கை ஒரு நொடிக்குச் சுமார் 4 முதல் 12 முறை ஆடும். பார்க்கின்சனின் ஓய்வு நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை. நாம் விரும்பி ஒரு கோடு இழுக்கும் அசைவு இதைவிட மிக மெதுவானது. வேகமான ஆட்டம் ஒன்று, மெதுவான நோக்கம் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதுதான் தொழில்நுட்பம் உள்ளே நுழையும் இடம்.

'குடியா?' என்ற கேள்வி

நம் ஊரில் கை நடுங்கும் ஒரு தொழிலாளியைப் பார்த்தால் முதலில் எழும் சந்தேகம் இதுதான். குடிப்பழக்கத்தை நிறுத்தும்போதும் கை நடுங்கும் என்பது உண்மை. ஆனால், வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கும் எசென்ஷியல் டிரெமர் வரும்.

இதில் ஒரு கொடுமையான சிக்கல் இருக்கிறது. எசென்ஷியல் டிரெமர் உள்ள பலருக்கு மது குடித்தால் கொஞ்ச நேரம் நடுக்கம் குறையும். போதை இறங்கியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பக்கூடும். ஒரு நுண்வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் குடிக்கத் தொடங்கினால், அது மருந்தாக இருக்காது. இன்னொரு பொறியாகத்தான் இருக்கும். வேலை கொடுப்பவரின் சந்தேகமும் அப்போது உண்மையாகிவிடும்.

முறையான சிகிச்சை இருக்கிறது. புரொப்ரனலால், பிரிமிடோன் ஆகிய இரண்டும் பல ஆண்டுகளாக முதல் நிலை மருந்துகளாகப் பயன்படுகின்றன. ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் புரொப்ரனலால் ஆகாது என்பதால் நாமாக மருந்துக் கடையில் வாங்கக் கூடாது. மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு, மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தும் சிகிச்சையை அமெரிக்காவின் எஃப்டிஏ 1997-லும், கத்தியில்லாமல் ஒலி அலையைக் குவித்துச் செய்யும் சிகிச்சையை 2016-லும் அனுமதித்தது. ஆனாலும், எல்லோருக்கும் நடுக்கம் முழுசாகப் போய்விடுவதில்லை. மிச்சமிருக்கும் நடுக்கத்தோடு வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் நம் கேள்வி.

கணினியில் மட்டும் கோடு எப்படி நேராக வரும்?

ஏனென்றால் அங்கே நாம் கோட்டை இழுப்பதில்லை. புள்ளிகளை வைக்கிறோம், அவ்வளவுதான். புள்ளிகளுக்கு நடுவே கோட்டை இழுப்பது கணக்கு.

இதன் பின்னால் இருப்பது கார் தொழிற்சாலையில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு. கார் உடலின் வளைவுகளைத் துல்லியமாக வரையவும் திரும்ப உருவாக்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஷோ 1959-லும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960-களிலும் தனித்தனியாக இதற்கு விடை கண்டார்கள். ஒரு வளைவுக்கு இரண்டு முனைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். இந்த நான்கு புள்ளிகள் போதும், வளைவு தானாக வந்துவிடும். இன்று 'பெசியர் வளைவு' என்று சொல்கிறோம். நீங்கள் இப்போது படிக்கும் இந்த எழுத்துருவின் சுழிகளும் இதே மாதிரியான வளைவுகளால் ஆனவைதான்.

நமக்கு இது புதுசும் இல்லை. மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போடுபவர்கள் முதலில் செய்வது என்ன? புள்ளி வைப்பது. புள்ளி சரியாக அமைந்துவிட்டால், கோடு அதைப் பின்பற்றும். கோலத்துக்குள் இருக்கும் இந்த ஒழுங்கைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களிலேயே கணினி அறிவியலின் மொழியில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1974-ல் வெளியானது. வாசல் கோலமும் ஜாலி டிசைனும் ஒரே குடும்பம்: ஒரு சின்ன வடிவம், அதைத் திருப்பித் திருப்பி வைக்கும் விதி.

நடுங்கும் கைக்கு இதில் என்ன லாபம்? நீளமான கோட்டை ஒரே மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. புள்ளியைத் தோராயமாக வைத்துவிட்டு, பிறகு விசைப்பலகையில் தட்டித் தட்டி நகர்த்தலாம். நடுங்கும் விரலாக இருந்தாலும் ஒரு சாவியை அழுத்தினால் புள்ளி நகர்வது அரை மில்லிமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டர்தான்.

முதலில் கணினியைப் பழக்குங்கள்

டிசைன் மென்பொருளைத் திறப்பதற்கு முன், கணினியிலேயே சில மாற்றங்கள் செய்ய வேண்டும். ஆங்கில மெனு சிரமம் என்றால், வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

மவுஸ் வேகத்தைக் குறையுங்கள்: விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் வேகத்தை இறக்குங்கள். அங்கேயே 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு தேர்வு இருக்கும். பெயரைக் கேட்டால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில் அது, மவுஸை வெடுக்கென்று அசைத்தால் கர்சரை இன்னும் அதிக தூரம் ஓடவிடும் ஏற்பாடு. நடுக்கமே வெடுக்கென்ற அசைவுதான் என்பதால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கிளிக்லாக் போடுங்கள்: பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுப்பதுதான் நடுங்கும் கைக்குக் கஷ்டமான வேலை. கிளிக்லாக் வசதியில் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு விட்டுவிடலாம். இன்னொரு கிளிக் செய்யும்வரை கணினி அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எண் பலகையையே மவுஸாக மாற்றலாம்: 'மவுஸ் கீஸ்' வசதியை இயக்கினால் வலது ஓரத்து எண் விசைகளால் கர்சரை நகர்த்தலாம். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. 5 அழுத்தினால் கிளிக்.

ஃபில்டர் கீஸ்: ஒரே விசையில் விரல் இரண்டு மூன்று முறை தட்டிவிடுகிறதா? மிகக் குறைந்த இடைவெளியில் வரும் மறு தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி இது.

கருவியை மாற்றிப் பாருங்கள்: டிராக்பால் என்று ஒரு வகை மவுஸ் உண்டு. அது மேசையில் ஒரே இடத்தில் இருக்கும். மேலே இருக்கும் உருண்டையை விரலால் சுழற்றினால் கர்சர் நகரும். மணிக்கட்டு ஊன்றியே இருப்பதால் சிலருக்கு இது பெரிய நிம்மதி. பேனாவால் வரையும் டேப்லெட் வாங்கலாமா என்று கேட்டால், அவசரப்படாதீர்கள். பேனா என்பது கையின் நடுக்கத்தை அப்படியே திரைக்குக் கடத்தும் கருவி. கடையில் பத்து நிமிடம் வரைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நடுக்கத்தை வடிகட்டவே தனி முயற்சிகளும் நடந்திருக்கின்றன. வீடியோ கேமராவில் கை ஆட்டத்தைச் சமன்செய்யும் அதே தத்துவத்தில் இயங்கும் மவுஸ் அடாப்டரை 2005-ல் ஐபிஎம் அறிவித்தது. ஸ்டெடிமவுஸ் என்ற விண்டோஸ் மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது. தவறுதலாக விழும் கிளிக்குகளைத் தடுக்கவும் அதில் வழி உண்டு.

உட்காரும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். முழங்கை அந்தரத்தில் தொங்கினால் நடுக்கம் கூடும். முழங்கை முதல் மணிக்கட்டு வரை மேசையில் படும்படி உட்காருங்கள். பட்டறையில் வேலைக்கட்டையை இடுப்பு உயரத்துக்குச் சரிபார்த்து வைப்பது மாதிரிதான் இதுவும்.

ஒரு ஜாலி டிசைன் போட்டுப் பார்ப்போமா?

இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2003-லிருந்து வளர்ந்துவரும் திறமூல மென்பொருள். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

திறந்ததும் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். ஒன்று, 'பிரிஃபரன்சஸ்' உள்ளே இன்புட் டிவைசஸ் பகுதியில் 'கிளிக்/டிராக் திரெஷோல்டு' என்று ஒரு எண் இருக்கும். கிளிக் செய்யும் நேரத்தில் கர்சர் இத்தனை பிக்சல் வரை நகர்ந்தாலும் அதை இழுப்பாக எடுத்துக்கொள்ளாதே, கிளிக்காகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் எண் அது. அதைக் கூட்டுங்கள். இரண்டு, 'ஸ்டெப்ஸ்' பகுதியில் அம்புக்குறி விசை ஒரு தட்டுக்கு எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை 0.5 மில்லிமீட்டராக வையுங்கள்.

இப்போது கணக்கு. பலகை 300 மில்லிமீட்டர் சதுரம், ஏறக்குறைய ஒரு அடி. சுற்றிலும் 20 மில்லிமீட்டர் சட்டம் விட்டால் உள்ளே 260 மில்லிமீட்டர். அதை நாலுக்கு நாலாகப் பிரித்தால் 65 மில்லிமீட்டரில் 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு இதழ் கொண்ட ஒரு பூ.

இந்தச் சதுரங்கள் எதையும் கையால் இழுக்க வேண்டாம். ஏதோ ஒரு சதுரத்தைப் போட்டுவிட்டு, மேலே இருக்கும் அகலம், உயரம் பெட்டிகளில் எண்ணைத் தட்டுங்கள். அது அந்த அளவுக்கு மாறிவிடும். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் எண்ணாகவே கொடுக்கலாம்.

அடுத்து இதழ். இங்கேதான் உங்கள் கைவண்ணம் வேண்டும். கட்டத்தின் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இதழ் தொடங்கி, கட்டத்தின் ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் முன்பு முடியட்டும். முழு இதழ் வேண்டாம், பாதி போதும். பெசியர் கருவியை எடுத்து, இதழின் ஒரு பக்கத்தில் நாலைந்து இடங்களில் கிளிக் செய்யுங்கள். இழுக்க வேண்டாம், கிளிக் மட்டும். கோணல்மாணலான ஒரு கோடு வரும். கவலைப்படாதீர்கள்.

நோட் கருவிக்கு மாறி, கண்ட்ரோல்-ஏ தட்டி எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட்-யு தட்டினால் நேர்கோட்டுத் துண்டுகள் வளைவுகளாக மாறத் தயாராகும். ஷிஃப்ட்-ஏ தட்டினால் புள்ளிகளுக்கு நடுவே வழவழவென்று வளைவு ஓடும். இதற்குப் பிறகு மவுஸுக்கே வேலை இல்லை. டேப் விசையைத் தட்டினால் ஒவ்வொரு புள்ளியாகத் தேர்வாகும். அம்புக்குறியால் அரை அரை மில்லிமீட்டராக நகர்த்தி, கண்ணுக்குப் பிடித்த வடிவம் வரும்வரை திருத்துங்கள். தப்பாகிவிட்டால் கண்ட்ரோல்-இசட். மரத்தில் கிடைக்காத அழிரப்பர் இங்கே எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

பாதி இதழை நகலெடுத்து, கண்ணாடி மாதிரி திருப்பிச் சேர்த்தால் முழு இதழ். அதைக் கட்டத்தின் மையத்தைச் சுற்றி 90 டிகிரியாக மூன்று முறை நகலெடுத்துத் திருப்பினால் பூ. பூவை 16 கட்டங்களுக்கும் பரப்ப 'டைல்டு குளோன்ஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒரே வடிவத்தைத் தளத்தில் ஒழுங்காகப் பரப்பக் கணிதம் சொல்லும் 17 சமச்சீர் முறைகளும் அதற்குள் இருக்கின்றன. நமக்கு இப்போதைக்கு எளிமையான முதல் முறையே போதும்.

கடைசியில், நாலு கட்டங்கள் சந்திக்கும் 9 இடங்களில் 20 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டங்கள். விட்டத்தை எண்ணாகவே தட்டுங்கள்.

எண்ணிப் பாருங்கள். பலகையில் 64 இதழ்கள். பாதி இதழ் கணக்கில் 128. இவ்வளவுக்கும் நீங்கள் கையால் வைத்தது ஐந்து புள்ளிகள்.

மரம் இதை ஒத்துக்கொள்ளுமா?

திரையில் அழகாகத் தெரிவதெல்லாம் மரத்தில் நிற்காது. கணினிக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மென்பொருள் மட்டும் கற்ற இளைஞரைவிட ஓர் அனுபவத் தச்சர் முந்துவது இங்கேதான்.

பாலம் விட வேண்டும்: துளைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் மரம்தான் முழு டிசைனையும் தாங்குகிறது. நம் டிசைனில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் விட்டிருப்பதால், அடுத்தடுத்த இரண்டு இதழ்களுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் மரம் நிற்கும். சுற்றிலும் அறுபட்டு எதோடும் ஒட்டாமல் நிற்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அறுத்த அடுத்த நொடி அது கீழே விழுந்துவிடும்.

ரேகையைப் பார்க்க வேண்டும்: தேக்கு, வேம்பு போன்ற திட மரத்தில், ரேகைக்குக் குறுக்காக ஓடும் ஒல்லியான பாலம் சுலபமாக முறியும். ரேகையோடு ஓடும் பாலம் தாங்கும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறிமாறிக் கிடப்பதால் இந்தக் கவலை குறைவு.

மூலையை மென்மையாக்க வேண்டும்: சிஎன்சி இயந்திரத்தில் சுழலும் பிட் உருண்டையானது. 3 மில்லிமீட்டர் பிட் உள் மூலையில் 1.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான கூர்மையைத் தர முடியாது. 6 மில்லிமீட்டர் பிட் என்றால் 3 மில்லிமீட்டர் ஆரம். இதழின் நுனியை ஊசி மாதிரி வரைந்தாலும் இயந்திரம் அதை மழுக்கிவிடும். எந்த பிட் என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொண்டு நுனியை வரையுங்கள்.

காகிதமாகவா, கோப்பாகவா?

ஸ்க்ரோல் ரம்பத்தில் அறுப்பதாக இருந்தால் காகித அச்சு வேண்டும். ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர் என்பதால் நம் டிசைன் அதில் அடங்காது. ஏ3 தாளும் 297-க்கு 420தான். 300 மில்லிமீட்டர் பலகையின் வெளிக்கோடு அதிலும் 3 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். வெளிச்சட்டத்தை விட்டுவிட்டு, வெட்ட வேண்டிய 260 மில்லிமீட்டர் பகுதியை மட்டும் ஏ3-ல் அச்சிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அச்சிடும்போது 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். டிசைன் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைச் சோதனைக்காகப் போட்டு வையுங்கள். அச்சான பிறகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். அது 50 இருந்தால் எல்லாமே சரி. பிறகு, பலகை மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் காகிதத்தை ஒட்டி அறுத்தால், முடிந்ததும் சுத்தமாக உரித்துவிடலாம்.

சிஎன்சி அல்லது லேசர் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் கோப்பாகவே கொடுக்கலாம். இன்க்ஸ்கேப்பின் இயல்பான வடிவம் எஸ்விஜி. சில கடைகளில் டிஎக்ஸ்எஃப் கேட்பார்கள், அப்படியும் சேமிக்கலாம். எதில் கொடுத்தாலும் அளவு மில்லிமீட்டரில் சரியாகத் திறக்கிறதா என்று கடைக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். புகைப்படமாகவோ வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டாகவோ கொடுக்காதீர்கள். அது வெறும் படம். இயந்திரம் பின்தொடர வேண்டிய கோடு அதில் இல்லை.

அறுப்பது யார்?

இதை ஒளிக்காமல் பேச வேண்டும். கணினி டிசைனைச் சரிசெய்யும்; ரம்பத்தின் முன்னால் இருக்கும் விரலைப் பாதுகாக்காது. ஓடும் பிளேடுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இரண்டு கைகளாலும் பலகையைத் தள்ளும் வேலை அது. நடுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்துகளும் சிலருக்குத் தலைசுற்றலையோ தூக்கக் கலக்கத்தையோ தரும். 'இவ்வளவு நாள் ஒன்றும் ஆகலையே' என்ற தைரியம் இங்கே உதவாது. மருத்துவரிடம் தொழிலைச் சொல்லியே ஆலோசனை கேளுங்கள்.

அறுப்பதை இன்னொருவருக்குக் கொடுப்பதில் குறைவு எதுவும் இல்லை. கோயில் தேரோ, சிற்பமோ, வரைந்த கையே எல்லாவற்றையும் செதுக்கியதில்லை. மூத்தவர் கோடு போடுவார், மற்றவர்கள் உளி பிடிப்பார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றன. அது மாதிரியான கைவினை ஊர்களில் உளிக்குப் பதில் கணினி வரப்போவதில்லை. ஆனால், உளி பிடிக்கும் இளைஞருக்கு முன்னால் ஒட்டப்படும் காகிதத்தில், மூத்தவரின் கோடு இருக்கலாம்.

அப்படியென்றால் கூலி? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். நம் ஊரில் டிசைனுக்குத் தனியாகக் காசு கேட்கும் வழக்கம் குறைவு. அது வேலையோடு சேர்ந்து போய்விடும். அறுக்கும் வேலை கடைக்குப் போய்விட்டால், டிசைனுக்குத் தனி விலை வைக்காதவருக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் டிசைனுக்குத் தனி ரசீது போடுங்கள். ஒப்புதல் கிடைக்கும்வரை வாடிக்கையாளருக்குப் படத்தை மட்டும் காட்டுங்கள். கோப்பைப் பணம் வந்த பிறகு கொடுங்கள். ஒருமுறை போட்ட டிசைனை அளவு மாற்றி இன்னொருவருக்கும் கொடுக்க முடியும். கையால் வரைந்த காகிதத்துக்கு இந்த வசதி இல்லை.

கணினி திருத்திய கோடு என் கோடுதானா?

பலரைத் தயங்க வைக்கும் கேள்வி இதுதான். இரண்டு பேரின் கதை இதற்கு வெளிச்சம் தரும்.

எம்மா லாட்டன், லண்டனில் கிராஃபிக் டிசைனர். 29 வயதில் பார்க்கின்சன் வந்தது. தன் பெயரைக்கூட எழுத முடியாமல் போன அவருக்காக, மைக்ரோசாஃப்ட்டின் ஹையான் ஜாங் மணிக்கட்டில் அணியும் ஒரு கருவியை உருவாக்கினார். அதிலிருந்து வரும் சிறு அதிர்வுகள் நடுக்கத்திலிருந்து மூளையின் கவனத்தைத் திருப்பின. அதை அணிந்துகொண்டு எம்மா நேர்கோடு வரைந்தார், பெயரை எழுதினார். 2017-ல் மைக்ரோசாஃப்ட்டின் பில்ட் மாநாட்டில் இந்தக் கதை சொல்லப்பட்டது.

ஃபில் ஹேன்சன், அமெரிக்க ஓவியர். ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளால் படம் வரைந்து வரைந்தே அவருக்குக் கையில் நிரந்தர நரம்புப் பாதிப்பு வந்தது. கலையையே விட்டு விலகியிருந்தார். நடுக்கத்தோடு சண்டை போடாமல் அதை ஏற்றுக்கொண்டால் என்ன என்று ஒரு நரம்பியல் மருத்துவர் கேட்டதுதான் அவரைத் திருப்பியது. கிறுக்கல் கோடுகளால், பெரிய அளவில், வேறு பொருள்களால் வரையத் தொடங்கினார். 2013-ல் டெட் மேடையில் இதைப் பற்றிப் பேசினார்.

ஒருவர் நடுக்கத்தை அடக்க ஒரு கருவியை ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் நடுக்கத்தையே ஏற்றுக்கொண்டார். இரண்டிலும் எதை வரைவது என்ற முடிவு அவர்களுடையதாகவே இருந்தது. நம் ஜாலி டிசைனிலும் அப்படித்தான். இதழ் எவ்வளவு பருமனாக இருக்கணும், பாலம் எங்கே போகணும், ரேகை எந்தப் பக்கம் ஓடணும் என்பதைத் தீர்மானித்தது மென்பொருள் இல்லை. அளவுகோல் வைத்து நேர்கோடு போட்ட தச்சரிடம் யாரும் 'இது உன் கோடா, அளவுகோலின் கோடா' என்று கேட்டதில்லை.

அரசு உதவி உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோய் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டால் சட்டத்தின் பல சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எசென்ஷியல் டிரெமர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. வேலையையே முடக்கும் அளவுக்கு நடுக்கம் இருந்தாலும் நிலைமை இதுதான். அதனால், எந்த வகை நடுக்கம் என்பதை மருத்துவர் எழுத்தில் குறித்துத் தருவது சிகிச்சைக்கு மட்டுமல்ல, இதற்கும் முக்கியம்.

எங்கிருந்து தொடங்குவது?

எடுத்ததும் 16 கட்ட ஜாலி வேண்டாம். முதல் நாள் கணினி அமைப்புகளை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் நாள் ஒரு சதுரம், ஒரு வட்டம். எண் தட்டி அளவு மாற்றிப் பழகுங்கள். மூன்றாம் நாள் ஓர் இலை. ஐந்து புள்ளி, ஷிஃப்ட்-ஏ. நடுக்கம் குறைவாக இருக்கும் நேரம் எது என்று கவனித்து, அந்த நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். காபிக்குப் பிறகும், பசியோடு இருக்கும்போதும், சரியாகத் தூங்காத நாளிலும் நடுக்கம் கூடினால் அது உங்கள் திறமைக் குறைவு இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த இலையை அச்சிட்டு, ஒரு துண்டு பிளைவுட்டில் ஒட்டி வெட்டச் சொல்லிப் பாருங்கள். வெட்டி வந்த இலையின் ஓரத்தை விரலால் தடவினால் தெரிந்துவிடும், அந்தக் கோட்டில் நடுக்கம் இருக்கிறதா இல்லையா என்று.